அவள் நிறுத்திய பக்கம்

"மாப்பிள்ளை, நேத்தும் எட்டுப் பக்கம் படிச்சிருக்கா பாருங்க."

அத்தை சமையலறை வாசலில் நின்றார். கண்ணுக்கு மிக அருகில் போன். நான் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தேன். என் மனைவி இறந்து அப்போது ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"அது தானா ஏறுது அத்தை. புரோகிராம்."

"தெரியுமே. அன்னிக்கே சொன்னீங்களே." போனை அணைத்தார். "இருந்தாலும் எட்டுப் பக்கம்."

அத்தை அவளுடைய அம்மா. அடக்கத்துக்கு வந்தவர் திரும்பிப் போகவில்லை. நானும் கேட்கவில்லை. அவர் சமைத்தார். நான் சாப்பிட்டேன். இரண்டு பேரும் அழுவதற்கு வேறு வேறு நேரம் வைத்திருந்தோம். அவர் மத்தியானம் அழுவார் என்று நினைக்கிறேன், சாயங்காலம் வரும்போது முகம் கழுவி இருக்கும். என் நேரம் இன்னும் வரவில்லை.

அத்தை போனில் பார்க்கும் அந்தப் படிப்புப் பதிவை அவளுக்காகச் செய்து கொடுத்தது நான்தான்.

அவள் பல் செட் செய்யும் ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். மெழுகு, பிளாஸ்டர், அரம். நகத்துக்குள் எப்போதும் வெள்ளை. பஸ்ஸில் போகும்போதும், ஆய்வகத்தில் மெழுகு உருகும்வரை காத்திருக்கும்போதும் புத்தகம் படிப்பாள். வீட்டில் அவள் படித்து நான் அதிகம் பார்த்ததில்லை. என்னென்ன படித்தோம், எதுவரை படித்தோம் என்று ஒரு பதிவு வேண்டும், ஆனால் உட்கார்ந்து எழுதச் சோம்பலாக இருக்கிறது என்றாள். நான் மென்பொருள் எழுதுபவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முடித்தேன்.

புரோகிராம் வரிகளைச் சேமித்து வைக்கும் ரெப்போ ஒன்று. அதற்குள் ஒரு வொர்க்ஃப்ளோ, அதாவது கூப்பிட்டாலோ நேரம் வந்தாலோ தானாக ஓடும் ஒரு வேலை. அவள் போனில் பக்க எண்ணைத் தட்டுவாள். வொர்க்ஃப்ளோ எழுந்து எண்ணைக் கோப்பில் எழுதும், வலைப்பக்கத்தைப் புதுப்பிக்கும், மறுபடி படுத்துக்கொள்ளும். ஒவ்வொரு மாற்றமும் யார் செய்தது என்ற பெயரோடு வரலாற்றில் நிற்கும். முதலில் அந்த இடத்தில் மெஷினின் பெயராக 'பாட்' என்று வந்தது.

"அது யாரு பாட்? நான் படிக்கிறேன், அவன் பேரு வாங்கிக்கிறானா?"

பெயரை மாற்றினேன். எந்த மாற்றம் வந்தாலும் அவள் பெயரில் வரும்படி வைத்தேன்.

பிறகு இன்னொன்று கேட்டாள். தினமும் படிக்கிறாள், ஆனால் எண்ணைத் தட்ட மறந்துவிடுகிறாள். வலைப்பக்கத்தில் அந்த நாள் காலியாக நிற்கிறது. "படிச்சவளைப் படிக்காதவள்னு காட்டுது. உன் மெஷினுக்கு வாயைக் கொஞ்சம் அடக்கச் சொல்லு." அதனால் எண் வராத நாளுக்கு அவளுடைய சராசரியைச் சேர்க்கச் சொல்லி எழுதினேன். விடியற்காலையில் ஓடும். தினமும் ஒரே எண் ஏறினால் பொய் என்று பார்த்தாலே தெரிகிறது என்றாள். கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் போடும்படி செய்தேன். குறைந்தது ஒரு பக்கமாவது சேர்க்க வேண்டும் என்றும் ஒரு வரி எழுதினேன். அன்று அவள் எனக்கு முத்தம் கொடுத்தாள்.

ஆபீசில் என் பக்கத்து நாற்காலிக்காரனைப் பூட்டு என்று கூப்பிடுவோம். பாதுகாப்புப் பிரிவு. தண்ணீர் பாட்டிலைக்கூட டிராயரில் வைத்துப் பூட்டுகிறவன். அவனிடம் காட்டினேன்.

"என்னடா இது, பொண்டாட்டிக்கு பொய்க் கணக்கு எழுதுற ரோபோவா? இதுல எது அவங்க எழுதினது, எது மெஷின் எழுதினதுன்னு உனக்கே தெரியாதேடா."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறேன்?" என்றேன்.

அவள் ஆய்வகத்தில் விழுந்தாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. அங்கே எல்லோரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வேலை செய்பவர்கள். நாற்காலி சாயும் சத்தம் கேட்டுத்தான் திரும்பினார்களாம். நான் போவதற்குள் முடிந்திருந்தது.

டாக்டர் என்னைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டார். "கடைசி ரெண்டு வாரத்துல தலைவலின்னு ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லை."

"சில பேர் சொல்ல மாட்டாங்க. வெளிச்சம் கூசும், எழுத்து ரெட்டையாத் தெரியும். புத்தகம் எடுக்கவே முடியாது. கூட இருக்கிறவங்க கவனிச்சாத்தான் உண்டு." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்படி இருந்திருக்கணும்னு இல்ல. ஒண்ணுமே தெரியாமலும் வரும்" என்றார்.

அவ்வளவுதான் எனக்குத் தெரிய வேண்டியது. கடைசி இரண்டு வாரம் அவள் படித்தாளா, இல்லையா.

பதிவில் அந்த இரண்டு வாரமும் எண்கள் இருந்தன. ஆறு பக்கம், ஒன்பது பக்கம், ஏழு பக்கம். எல்லாம் அவள் பெயரில். எது அவள் தட்டியது, எது புரோகிராம் போட்டது என்று பிரிக்க வழியில்லை. வொர்க்ஃப்ளோ அவள் தட்டி எழுந்ததா, நேரம் வந்து எழுந்ததா என்ற விவரம் தனியாகச் சேமிக்கப்படும். அது ஒரு வாரத்தில் அழிந்துபோகும்படி நானே வைத்திருந்தேன், இடம் மிச்சம் பிடிக்க. அவள் இறந்து முதல் வாரத்தில் எனக்குக் கணினி ஞாபகமே வரவில்லை. பூட்டு தன் பங்குக்கு இரண்டு நாள் தோண்டிப் பார்த்தான்.

"சுத்தமாத் துடைச்சு வெச்சிருக்கடா. திருடனா போயிருந்தா பெரிய ஆளா வந்திருப்ப" என்றான். சொன்ன பிறகு என் தோளில் கையை வைத்து எடுத்தான்.

அப்புறம்தான் புத்தகத்தின் ஞாபகம் வந்தது. அவள் பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. ஆய்வகத்திலிருந்து கொடுத்து அனுப்பியது. நான் அதைத் திறக்கவில்லை. உள்ளே அந்தப் புத்தகம் இருக்கும். பாலம் கட்டும் ஒரு குடும்பத்தின் கதை, தலையணை கனம். அதில் அவள் வைத்த அடையாளத் துண்டு இருக்கும். அவள் நிறுத்திய இடம் பதிவில் இல்லாவிட்டால் போகட்டும், புத்தகத்தில் இருக்கும்.

அன்று சாயங்காலம் பையை இறக்கினேன். துண்டு இருந்த பக்கம் 587.

போனில் பதிவைத் திறந்தேன். அன்று காலை நிலவரம்: 587.

அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, இந்தப் புத்தகத்தைத் தொட்டீங்களா?"

"ஆமா. தினமும்தான்."

"தினமுமா?"

"போன்ல நம்பர் மாறுதில்ல? அந்தப் பக்கத்துல துண்டை எடுத்து வெச்சிடுவேன். இல்லன்னா எங்க விட்டோம்னு அவளுக்கு..." தலையணை உறையை இரண்டாக மடித்தார், நான்காக மடித்தார். "வெச்சா என்ன, தப்பா?"

"தப்பில்ல. முதல்ல எங்க இருந்துச்சு?"

"அதை யாரு பார்த்தா மாப்பிள்ளை? நம்பர் சொன்ன இடத்துல வெச்சேன்."

புரோகிராம் அவளைப் போல எண்ணைப் போட்டது. அத்தை அந்த எண்ணைப் பார்த்துத் துண்டை நகர்த்தினார். இரண்டும் சேர்ந்து அவள் நிறுத்திய இடத்தைத் துடைத்துவிட்டன. எனக்குக் கோபம்கூட வரவில்லை.

புத்தகத்தை மூடப் போகும்போது ஓரத்தில் அந்தப் புள்ளி தெரிந்தது. நீலம்.

ஆய்வகத்தில் பிளாஸ்டர் அச்சில் கோடு போட அவர்களுக்கு ஒரு நீலப் பென்சில் உண்டு. அவள் காதில் செருகியபடியே வீட்டுக்கு வந்துவிடுவாள். படிப்பதை நிறுத்தும் வரிக்குப் பக்கத்தில் அதால் ஒரு புள்ளி வைப்பாள். துண்டு பக்கத்தைச் சொல்லும், புள்ளி வரியைச் சொல்லும் என்பாள். எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

587-இல் கீழிருந்து நான்காம் வரி. புள்ளி.

பின்னால் புரட்டினேன். 579-இல் ஒன்று. பதிவில் முந்தைய நாள், 579. 572-இல் ஒன்று. பதிவில் 572. விரலால் போனைத் தள்ளிக்கொண்டே பின்னால் போனேன். அவள் இறந்த பிறகு புரோகிராம் தன்னிஷ்டத்துக்குப் போட்ட ஒவ்வொரு எண்ணுக்கும் புத்தகத்தில் ஒரு புள்ளி இருந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

"அத்தை, பென்சிலால ஏதாவது குறிச்சீங்களா?"

"பென்சிலா? நானா?" உண்மையிலேயே பயந்துபோனார். "புத்தகத்துல கிறுக்கினா அவ என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவா. சின்ன வயசுல கணக்கு நோட்டுல நான் கையெழுத்து போட்டதுக்கே ரெண்டு நாள் பேசல."

அவர் பொய் சொல்ல மாட்டார். அதோடு, அவ்வளவு சின்னப் புள்ளியை வைக்க அவர் கண்ணுக்கு முடியாது.

மறுநாள் புத்தகத்தை ஆபீசுக்கு எடுத்துப் போனேன். "இதை உள்ள வெச்சுப் பூட்டு" என்று பக்கத்து நாற்காலிக்காரனிடம் நீட்டினேன்.

"வெளிய இருந்தா திருடிடுவாங்களா? இந்த ஆபீஸ்ல இவ்ளோ பெரிய புத்தகத்தைத் தூக்கக்கூட ஆள் இல்லடா."

"வை."

இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். காரணம் கேட்கவில்லை. அந்த நாட்களில் என்னிடம் யாரும் காரணம் கேட்பதில்லை.

அடுத்த நாள் காலை பதிவு 601. பூட்டு வந்து அலமாரியைத் திறந்ததும் அந்தப் பக்கத்தைப் பிரித்தேன். நடுப்பக்கத்தில், உரையாடல் ஒன்று முடியும் வரிக்குப் பக்கத்தில், புள்ளி.

அவன் எட்டிப் பார்த்தான். "என்னடா தேடுற?"

"இந்தப் புள்ளி."

"மை சிந்தியிருக்கும். பிரஸ்ல நடக்கிறதுதான்." அவன் அடுத்த பக்கத்தைப் புரட்டினான், ஏதோ தமாஷுக்குப் படிப்பதுபோல இன்னும் சிலதைப் புரட்டினான். "இதோ பாரு, இங்கயும் ஒண்ணு. அங்கயும். அச்சடிச்சவன் பீடா போட்டுட்டு வேலை பார்த்திருக்கான். நீலக் கலர் பீடா."

அவன் கை நின்ற பக்கம் 616. பதிவு இன்னும் அங்கே போகவில்லை.

பதிவைத் தாண்டி மேலே புரட்டிப் பார்க்க எனக்கு இதுவரை தோன்றவே இல்லை. புத்தகத்தை அவன் கையிலிருந்து வாங்கி நானே பார்த்தேன். 609, 616, 622, 631. புள்ளிகள் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தன. புதிதாக யாரும் வைக்கவில்லை. எல்லாம் ஏற்கெனவே அங்கே இருந்தவை. அவள் படித்திருக்கிறாள். எண்ணைத் தட்டாமல், பதிவு எங்கே கிடக்கிறது என்று பார்க்காமல், ஒரு நாளில் மூன்று தடவை நான்கு தடவை உட்கார்ந்து, நிறுத்திய இடத்திலெல்லாம் புள்ளி வைத்து, பதிவைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கிறாள். தலைவலிக்காரி இப்படிப் படிக்க மாட்டாள்.

கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன். கண்ணாடியில் என் முகம் நன்றாக இருந்தது. குழாயை மூடும்போதுதான் மற்றது உறைத்தது.

திரும்பி வந்து பூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ரேண்டமா ஒரு நம்பர் போடச் சொன்னா, அது முன்னாடியே எழுதி வெச்ச நம்பரா வருமா?"

"ஒரு தடவை வரலாம்."

"தினமும்?"

"ரேண்டம்னா ரேண்டம்தான்டா. தினமும் வந்தா அதுக்குப் பேரு வேற."

புத்தகத்தைக் காட்டினேன், போனைக் காட்டினேன். நாளைக்கு 609 வரும் என்றேன். சிரித்தான். மறுநாள் 609 வந்தது. அதற்கு மறுநாள் 616. அன்று அவன் சிரிக்கவில்லை. என் புரோகிராமை மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை படித்தான். புத்தகத்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. சராசரியும் ஒரு குருட்டு எண்ணும்தான். என் மேசையில் புத்தகத்தை வைத்தான்.

"வீட்டுக்கு எடுத்துட்டுப் போ மச்சி. இதுக்கு நான் பூட்டு போட மாட்டேன்."

கடைசிப் புள்ளியை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன், அவனிடம் சொல்லவில்லை. பக்கம் 702. அதற்குப் பிறகு புத்தகம் இன்னும் கால்வாசி கிடக்கிறது, ஒரு குறி இல்லை. மற்ற புள்ளிகள் எல்லாம் வாக்கியம் முடியும் இடத்தில் இருந்தன. இது வாக்கியத்தின் நடுவில் இருந்தது. புள்ளியாகவும் இல்லை. புள்ளியாகத் தொடங்கி, வரிகளின் ஓரமாகவே கீழே இறங்கி, பக்கத்தின் விளிம்பில் வெளியே போன ஒரு நீலக் கோடு.

ஆக அவள் நிறுத்திய பக்கம் எனக்குக் கிடைத்துவிட்டது. அதோடு விட்டிருக்கலாம். வொர்க்ஃப்ளோவை நிறுத்த ஒரு சொடுக்கு போதும். ஆனால் நிறுத்தினால் அவளை 616-இல் நிறுத்தியதாக ஆகும். விட்டால் 702-ஐத் தாண்டி, அவள் படிக்காத பக்கங்களை அவள் பெயரில் அது படித்துக்கொண்டே போகும். இரண்டுமே எனக்குப் பொறுக்கவில்லை. 702 வந்ததும் நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தேன்.

அந்த நாட்களில் காலையில் அத்தை சொல்வதற்கு முன்பே எனக்கு எண் தெரியும்.

"எவ்ளோன்னு சொல்லட்டுமா?" என்பார்.

"அறுநூத்தி அறுபத்தி நாலு."

"பார்த்துட்டீங்களா? எனக்கு முன்னாடியேவா?" கொஞ்சம் ஏமாற்றம். போய்த் துண்டை நகர்த்துவார். ஒருநாள் துண்டை வைத்துவிட்டு, புத்தகத்தை மடியில் வைத்தபடி, "கொஞ்ச நாளா வேகமாப் படிக்கிறா, இல்ல?" என்றார். எட்டும் ஒன்பதுமாகத்தான் ஏறிக்கொண்டிருந்தது. எப்போதும்போல. நான் ஆமாம் என்றேன்.

702 ஒரு வியாழக்கிழமை வந்தது. அத்தை குளித்துக்கொண்டிருந்தார். துண்டை நானே வைத்தேன். பிறகு கணினியைத் திறந்து, நிறுத்தும் பொத்தான் இருக்கும் பக்கத்துக்குப் போனேன். அங்கே அவள் பெயர் வரிசையாக, ஒன்றன்கீழ் ஒன்றாக, பக்கம் முழுக்க இருந்தது. அத்தை தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, "ஆபீஸ் போகலையா?" என்றார். கணினியை மூடினேன். நிறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அத்தை சமையலறை வாசலுக்கு வரவில்லை. நானே போனேன். அடுப்புக்குப் பக்கத்தில் நின்று போனைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"இது கெட்டுப் போச்சா பாருங்க. மாறவே மாட்டேங்குது."

702.

வொர்க்ஃப்ளோ ஓடியிருந்தது. விடியற்காலையில், வழக்கமான நேரத்தில். பிழை இல்லை, பச்சைக் குறி. உள்ளே போய்ப் பார்த்தேன். படிகள் ஒவ்வொன்றாக முடிந்திருந்தன. கடைசியில் அது தானாக எழுதும் வரி: இன்று சேர்த்தது, 0.

குறைந்தது ஒன்று. அந்த வரியை எழுதியது நான். அவள் ஈரத் தலையோடு பக்கத்தில் உட்கார்ந்து, "அரைப் பக்கம் படிச்சாலும் ஒண்ணுன்னு போடு" என்று சொல்லச் சொல்ல எழுதினேன். வரி அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு யாரும் புரோகிராமைத் தொடவில்லை என்று வரலாறு சொன்னது. பூட்டிடம் போனில் படித்துக் காட்டினேன்.

"பூஜ்யம் வராது" என்றான். "வரவே முடியாதுடா." மறுபடி ஒரு தடவை படிக்கச் சொன்னான். "நான் நிறுத்தி விடட்டுமா?"

"வேண்டாம்."

அத்தை இன்னும் நின்றுகொண்டிருந்தார். "என்ன ஆச்சு அவளுக்கு? ஏன் படிக்கல?"

புத்தகத்தை எடுத்து வந்து அந்தப் பக்கத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். கோட்டின் தொடக்கத்தில் விரலை வைத்தார். மெதுவாகக் கீழே இறக்கினார், விளிம்பு வரை. விரல் பக்கத்தைவிட்டு மேசைக்கு வந்து நின்றது.

"பென்சில் நழுவியிருக்கு" என்றார்.

"ஆமா அத்தை."

"அப்போ அதுவரைக்கும்..."

"படிச்சுக்கிட்டுத்தான் இருந்திருக்கா. நல்லாத்தான் இருந்திருக்கா."

"வலிச்சிருக்காது."

"வலிச்சிருக்காது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மத்தியானத்துக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது, ஆனால் அங்கேயே அழுதார். நானும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். எனக்கும் அப்போதுதான் வந்தது. பால் பொங்கி அடுப்பில் வழிந்து தீய்ந்த வாடை அடித்த பிறகுதான் இரண்டு பேரும் எழுந்தோம்.

புத்தகம் மறுபடி பைக்குள் போய்விட்டது. பை ஆணியில் இருக்கிறது. துண்டு 702-இல். அத்தை அதைத் தொடுவதில்லை.

வொர்க்ஃப்ளோவை நான் நிறுத்தவில்லை. தினமும் விடியற்காலையில் ஓடுகிறது. பச்சைக் குறி, பூஜ்யம், அவள் பெயர். முன்பெல்லாம் ஓடி முடிக்கச் சில நொடிதான் ஆகும். இப்போது கொஞ்சம் கொஞ்சமாக நேரம் கூடிக்கொண்டே போகிறது. நடுவில் ஒரு படியில், அடுத்த புள்ளியைத் தேடுவதுபோல, வெகுநேரம் நிற்கிறது. எண்ணைச் சேர்க்கும் படிக்கு முந்தைய படி அது. அதில் நான் எந்த வேலையும் எழுதி வைக்கவில்லை.